தூரமான தீவுக்கு முதலில் போங்கள்: ஏட்ரியாட்டிக்கில் ஒரு வாரப் பாய்மரப் பயணம்

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து குரோவேஷியாவுக்குப் படகுப் பயணம் போக நினைப்பவர்களின் திட்டத்தில் தவறாமல் ஆறேழு பெயர்கள் இருக்கும். ஸ்பிளிட்டில் தொடங்கி ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, மல்யெத், கடைசியில் தூப்ரோவ்னிக். வரைபடத்தில் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். கடலில் அப்படி இல்லை.

வாடகைப் படகு சனிக்கிழமை மாலை 5 மணி வாக்கில் கைக்கு வரும். அடுத்த வெள்ளி மாலை 6 மணிக்குள் அதே துறைக்குத் திரும்பி, சனி காலை 9 மணிக்கு இறங்கிவிட வேண்டும். ஏழு இரவுக்குப் பணம் கட்டினாலும் ஓட்டக் கிடைப்பது ஐந்தரை நாள். பாயிலும் இயந்திரத்திலும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 5 கடல்மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுவதற்கும் 100 கடல்மைல் போதும். அதற்கு மேல் போட்டால் நீந்தவும் சமைக்கவும் நேரம் இருக்காது. அதைவிட முக்கியம், காற்று கெட்டுப்போனால் ஒரு நாள் ஒதுங்கிக் கிடக்க இடம் இருக்காது.

நான் சொல்லும் வழி இது. சனி மாலை வெளிச்சம் இருந்தால் ஸ்பிளிட்டிலிருந்து பிராச் தீவின் மில்னாவுக்கு, சுமார் 10 மைல் (இங்கே மைல் எல்லாம் கடல்மைல்). இருட்டிவிடும் என்றால் துறையிலேயே தூங்கி விடியற்காலையில் கிளம்புங்கள். இரவில் ஓட்டுவதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. ஞாயிறு மில்னாவிலிருந்து நேராக விஸ், 20 மைல். திங்கள் விஸ் தீவைச் சுற்றிக் கோமிஷா, 9 மைல். செவ்வாய் எதுவும் போடாதீர்கள். புதன் ஹ்வார் நகரத்துக்கு எதிரே பாக்லேனித் தீவுகளில் பால்மிஷானா, 20 மைலுக்குள். வியாழன் ஹ்வாரின் மேற்கு முனையைச் சுற்றி ஸ்தாரி கிராத், 13 மைல் வாக்கில். வெள்ளி காலை மில்னா வழியாக ஸ்பிளிட். கோர்ச்சுலா, மல்யெத் வேண்டுமானால் தூப்ரோவ்னிக்கிலிருந்து தொடங்கும் வேறொரு வாரம் பிடியுங்கள். இரு வழிகளையும் ஒரே வாரத்தில் கட்டினால் இரண்டுமே அரைகுறைதான்.

விஸ் ஏன் முதலில்? கரையிலிருந்து மிகத் தள்ளியிருப்பது அது. அங்கே போகவும் வரவும் திறந்த கடலைக் கடக்க வேண்டும். வாரத் தொடக்கத்தில் வானிலை அறிக்கை நம்பத் தகுந்ததாக இருக்கும்போதே அந்தத் தூரத்தை முடித்துவிட்டால், மிச்ச நாள்களில் எந்தக் காற்று எழுந்தாலும் நீங்கள் ஸ்பிளிட்டை நெருங்கிக்கொண்டே இருப்பீர்கள். மாற்றிப் போட்டால் வியாழன் அன்று விஸ்ஸில் மாட்டிக்கொண்டு, வெள்ளிக்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் போகக் கூடாத கடலில் இறங்குவீர்கள். வாடகைப் படகுகள் பல அடிபடுவது இந்த அவசரத்தில்தான். முதல் நாளே அறிக்கை மோசமாக இருந்தால் விஸ்ஸை விட்டுவிட்டு பிராச், ஹ்வார், ஷோல்தா தீவுகள் மூன்றோடு நிறுத்துங்கள். குறை ஒன்றும் இல்லை.

காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் நல்ல காற்று மாயெஸ்த்ரால், வடமேற்கிலிருந்து வருவது. நிலம் சூடானதும் முற்பகலில் எழும்பி, பிற்பகலில் 15 முதல் 20 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வரை போய், சூரியன் சாயும்போது அடங்கிவிடும். ஸ்பிளிட்டிலிருந்து விஸ் போகும்போது வலப்பக்கமாகவும் சற்றுப் பின்னாலும் வரும். திரும்பும்போது இடப்பக்க முன்னாலிருந்து வரும், ஆனாலும் பாயில் வரலாம். நல்ல கோடை நாளில் நண்பகல் தாண்டியும் மாயெஸ்த்ரால் வரவில்லையென்றால் வானிலை மாறப் போகிறது என்று பொருள்.

யூகோ தென்கிழக்குக் காற்று. வெப்பமும் ஈரமுமாக, உடம்பில் பிசுபிசுப்போடு வரும். நமக்கு ஊரில் இருப்பது போலவே இருப்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். இரண்டு மூன்று நாள் மெல்ல மெல்ல ஏறும், அதனால் எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் கடலின் முழு நீளமும் அதற்கு ஓடுதளம் என்பதால் அலை பெரிதாகக் கட்டும். பூரா எனும் காற்று அதற்கு நேர்மாறு. வடகிழக்கே மலைகளின் பின்னால் தேங்கும் குளிர்காற்று சரிவில் கொட்டுவதால் வருவது. வானம் பளிச்சென்று இருக்கும், முன்னறிவிப்பு இல்லாமல் அடிவிழும். ஸ்பிளிட்டுக்குப் பின்னால் மோசோர், தெற்கே பியோகோவோ மலைகளின் உச்சியில் வெள்ளை மேகம் தொப்பியாக உட்கார்ந்தால் கரையோரமாக ஓட்டாதீர்கள். குளிர்காலத்தில்தான் அதன் முழு வேகம், கோடையிலும் வரும்.

நான்காவது நெவேரா. மேற்கிலிருந்து திடீரென்று இடியோடு வரும் புயல்மழை, அரை மணி ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து தகரக் கூரையைப் பிய்க்கும் சுமத்ராக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மேற்கே வானம் கறுத்ததும் இரண்டு பாயையும் முழுதாகச் சுருட்டி, இயந்திரத்தை ஓட்டி, எல்லாரும் உயிர்காப்பு உடை போட்டு, கரையை விட்டு விலகி நில்லுங்கள். கரைக்கு ஓடுவது இயல்பாக வரும் எண்ணம், ஆனால் பாறைக் கரை.

பாயைக் குறைப்பது குறித்து: 18 நாட்டில் முதல் மடிப்பு, 25-க்கு முன் இரண்டாவது. குறைக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கிய நிமிடமே குறைக்கும் நேரம். குரோவேஷிய வானிலை நிறுவனம் டிஎச்எம்இசட் கடலோடிகளுக்கென்று தனி அறிக்கை வெளியிடுகிறது. காலையிலும் மாலையிலும் அதைப் பாருங்கள். கைப்பேசிச் செயலியின் வண்ணப் படங்கள் தீவுகளுக்கிடையே வரும் சுழற்காற்றைக் காட்டாது.

யார் ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. குரோவேஷியாவில் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்ட, அந்நாட்டுக் கடல்துறை அமைச்சு ஏற்கும் படகோட்டிச் சான்றிதழ் வேண்டும். படகில் ஒருவரிடமாவது, கடலில் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழும் வேண்டும். அமைச்சின் பட்டியல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. உங்கள் சான்றிதழின் நகலை நிறுவனத்துக்கு அனுப்பி, செல்லும் என்று எழுத்தில் வந்த பிறகுதான் முன்பணம். சான்றிதழ் இல்லாதவர்கள் படகோட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். நாளுக்கு 200 யூரோ சுற்றுவட்டாரம், சாப்பாடு உங்கள் பொறுப்பு. மறக்கக் கூடாதது, அவருக்கும் படுக்க இடம் வேண்டும். எட்டுப் படுக்கை கொண்ட 45 அடிப் படகில் படகோட்டி வந்தால் நீங்கள் ஏழு பேர்தான். என்னைக் கேட்டால் ஆறு. எட்டுப் பேர் ஏறினால் செலவு குறையும், ஆனால் இரண்டு கழிவறைக்கு எட்டுப் பேர் என்பது புதன்கிழமைக்குள் சண்டையில் முடியும்.

சொந்தமாக ஓட்டப் போகிறவர்கள் லங்காவியில் ஒரு வார இறுதியாவது பாய்மரப் படகில் இருந்துவிட்டுப் போங்கள். யாருக்குக் குமட்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா ஷெங்கன் பகுதியிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டதால் குனா நாணயக் கணக்குள்ள பழைய கட்டுரைகளை ஒதுக்குங்கள். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஸாக்ரெப் வரை போய் அங்கிருந்து பேருந்தில் வருபவர்கள் 400 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். எப்படிப் போனாலும் வெள்ளிக்கிழமையே ஸ்பிளிட் சேர்ந்துவிடுவது நல்லது. தூக்கமில்லாத கண்ணோடு படகைப் பரிசோதித்து வாங்கக் கூடாது.

அந்தப் பரிசோதனையைப் பற்றி. படகுக்கு 2,000 முதல் 3,000 யூரோ வரை பிணைத்தொகையைக் கடன் அட்டையில் முடக்குவார்கள். பற்று அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை, அட்டையின் வரம்பையும் முன்பே உயர்த்திக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுமுன் படகின் வெளிப்புறம் முழுவதையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். இயந்திர எண்ணெய், குளிர்நீர், வார் மூன்றையும் பாருங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, பின்னால் புகைக்குழாயில் கடல்நீர் துப்புகிறதா என்று பாருங்கள். நங்கூரத்தை இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். அதை ஏற்றும் மின்சக்கரத்தின் தடை விசை (சுமை கூடினால் தானாக விழும் மின்விசை) எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அது பெரும்பாலும் ஏதோ ஓர் அறையில் மெத்தைக்கு அடியில் இருக்கும், தேவைப்படும்போது கிடைக்காது. பாய்கள் இரண்டையும் பாதி விரித்துத் தையலைப் பாருங்கள். உயிர்காப்பு உடைகளை எண்ணுங்கள். பிள்ளைகள் வருவதாக இருந்தால் அவர்கள் அளவுக்கு முன்பே எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

இனி, புதியவர்கள் எல்லாரும் திணறும் வேலை: துறையில் பின்புறமாக ஏறிக் கட்டுவது. மத்தியதரைக் கடல் பக்கம் படகைப் பக்கவாட்டில் நிறுத்த இடம் தரமாட்டார்கள். பசார் மாலாம் முன்னால் மோட்டார் சைக்கிள்களை அடுக்குவது போல, எல்லாப் படகும் பின்புறத்தைக் கரைக்குக் கொடுத்து ஒன்றையொன்று உரசி நிற்கும்.

இரு பக்கமும் இடி தாங்கும் காற்றுப்பந்துகளைத் தொங்கவிடுங்கள், பின்பக்கம் ஒன்று. பின் கயிறுகள் இரண்டையும் கொண்டியில் மாட்டி, கம்பிகளுக்கு வெளியே கொண்டுவந்து, எறியத் தயாராகச் சுருட்டி வையுங்கள். ஏசிஐ எனும் நிறுவனத்தின் படகுத்துறைகள் விஎச்எஃப் 17-ஆம் அலைவரிசையில் பதில் சொல்லும். இடம் எது என்று தெரிந்த பிறகு உள்ளே நுழையுங்கள். தூரத்திலேயே பின்னோக்கி ஓட்டத் தொடங்குங்கள். கொஞ்சம் வேகம் பிடிக்காமல் சுக்கான் பேசாது, அதுவரை பின்புறம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், பெரும்பாலான படகுகளில் இடப்பக்கம். காற்று வரும் பக்கத்துப் பின்கயிற்றை முதலில் எறிந்து கட்டுங்கள், பிறகு மற்றது. இயந்திரத்தை முன்னோக்கி மெதுவாகப் போட்டால் படகு கரையில் இடிக்காமல் கயிற்றில் சாய்ந்து நிற்கும். அதற்குள் துறைப் பணியாளர் கரையிலிருந்து ஒரு மெல்லிய கயிற்றைத் தூக்கிக் கொடுப்பார். கொக்கிக்கம்பால் அதைப் பிடித்து, கையால் வழித்துக்கொண்டே படகின் ஓரமாக மூக்கு வரை போங்கள்; அங்கே தடித்த கயிறு வரும். கட்டிப் போடுங்கள், இறுக்கமாக. கயிற்றில் சிப்பி ஒட்டியிருக்கும், கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும்.

தவறு நடப்பது எங்கே? பணியாளர் கொடுத்த அந்தக் கயிறு நீருக்குள் தொய்ந்து கிடக்கும்போது, படகைத் தள்ளும் சுழலி ஓடினால் அதில் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் இயந்திரம் நிற்கும், முக்குளிப்பவருக்குப் பணம், பிணைத்தொகையிலும் கை விழும். கயிறு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாள் கிளம்பும்போதும் அப்படியே: மூக்குக் கயிற்றை விட்டபின் அது அடிக்குப் போகும்வரை காத்திருந்து பிறகு முன்னே போங்கள். கடைசியாக, கரைக்கும் படகுக்கும் நடுவே யாரும் காலையோ கையையோ நீட்டக் கூடாது. படகு பத்து டன் எடை.

மிதவையில் கட்டுவது இதைவிட எளிது. காற்றை எதிர்த்து மெதுவாக வாருங்கள், உங்கள் சொந்தக் கயிற்றை மிதவையின் வளையத்தில் நுழைத்து இரு முனையையும் படகுக்கே கொண்டுவந்து கட்டுங்கள், மூக்கின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்று. மிதவையில் தொங்கும் ஒல்லிக் கயிறு பிடித்துத் தூக்க மட்டும்தான்.

நங்கூரம் போடுவதில் நம் ஊர்ப் பழக்கம் உதவாது. பெர்னாம் ஆற்று முகத்தில் சேறு, எதைப் போட்டாலும் பிடிக்கும். ஏட்ரியாட்டிக்கில் பாறையும் கடற்புல்லும். பொசிடோனியா என்ற அந்தப் புல் பாதுகாக்கப்பட்டது, நங்கூரமும் அதில் கவ்வாது. நீர் அவ்வளவு தெளிவு என்பதால் மேலிருந்தே வெளிர்நிற மணல் திட்டு தெரியும், அதில் போடுங்கள். 5 முதல் 8 மீட்டர் ஆழம் வசதி. ஆழத்தோடு படகு மூக்கின் உயரம் ஒரு மீட்டரைக் கூட்டி, அதுபோல் நாலைந்து மடங்கு சங்கிலி விடுங்கள். 6 மீட்டர் ஆழத்துக்கு 30 முதல் 35 மீட்டர். பிறகு பின்னோக்கி மெதுவாக இழுத்து, சங்கிலி இறுகியதும் இயந்திரத்தை நிமிடத்துக்கு 2,000 சுற்று வரை ஏற்றி அரை நிமிடம் வையுங்கள். கரையில் ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீடும் நேர்கோட்டில் வருவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். கோடு கலைந்தால் இழுபடுகிறது, மறுபடி போடுங்கள். கண்ணாடி மாட்டி நீந்திப் போய் நங்கூரத்தைப் பார்த்துவிடுவதுதான் நிம்மதியான வழி. தூக்கும்போது இயந்திரம் ஓட வேண்டும், படகை முன்னே செலுத்திக்கொண்டே சங்கிலியை ஏற்றுங்கள். மின்சக்கரத்தால் படகையே இழுத்தால் தடை விசை விழுந்துவிடும்.

ஒரு சலுகை: கடல்மட்ட ஏற்ற இறக்கம் 30 சென்டிமீட்டர் சுற்றித்தான். இரண்டு மூன்று மீட்டர் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கவலையை முழுதாக விடலாம்.

இடத்தைப் பிடிப்பதற்கு ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் 2 மணிக்குள் போய்ச் சேருங்கள், பால்மிஷானாவுக்கு இன்னும் முன்னால். அந்த மாதங்களில் பால்மிஷானாத் துறையில் 45 அடிப் படகுக்கு ஓர் இரவு 100 யூரோவைத் தாண்டும். மிதவைக்குக் குறைவு. சில விரிகுடாக்களில் கொனோபா எனும் உணவுக்கடைகள் சாப்பிட வருபவர்களுக்குக் கட்டுத்துறையை இலவசமாகத் தருகின்றன. அங்கே பேக்கா எனும், கரி மூடிய மணிச்சட்டியில் வேகும் இறைச்சியோ கணவாயோ வேண்டுமானால் பல மணி நேரம் முன்பே தொலைபேசியில் சொல்லுங்கள். சைவத்துக்குப் பிலித்வா கேளுங்கள், கீரையும் உருளைக்கிழங்கும். ஜூனும் செப்டம்பரும் எல்லாவற்றிலும் மேல்: கூட்டம் குறைவு, வாடகையும் குறைவு, கடல் நீந்தும் சூட்டில்தான் இருக்கும்.

விஸ் நகர விரிகுடா வடகிழக்கே திறந்தது, பூரா அடித்தால் அங்கே நிற்காதீர்கள். கோமிஷா மேற்கே திறந்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று, அதற்காகத்தான் செவ்வாயைக் காலியாக விட்டது. ஸ்தாரி கிராத் நீளமான விரிகுடாவின் உள்மூலையில் இருக்கிறது. மாயெஸ்த்ரால் ஓங்கினால் அலை உள்ளே வரும். கோமிஷாவிலிருந்து 5 மைல் தள்ளி பிஷேவோ தீவின் நீலக் குகை. சொந்தப் படகில் உள்ளே போக முடியாது, வாயில் அவ்வளவு தாழ்வு. வெளியே நங்கூரமிட ஆழமும் ஒத்துவராது. படகைக் கோமிஷா மிதவையில் விட்டு உள்ளூர்ச் சிறுபடகில் போங்கள். சூரியன் அடிநீர் வழியே உள்ளே விழுவது 11 மணியிலிருந்து நண்பகல் வரை. யூகோ அலை இருந்தால் குகையை மூடிவிடுவார்கள். விஸ் தீவு யூகோஸ்லாவிய இராணுவத் தளமாக இருந்து 1989 வரை வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்தது. மலையில் குடைந்த சுரங்கங்களைச் செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்.

சாப்பாட்டுச் சாமான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. செருண்டிங், நெய், பால்மாவு எல்லாம் இங்கேயே இருக்கட்டும். மீன் பொருள் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, ஆகவே நெத்திலிக் கருவாட்டுக்கும் நெத்திலிச் சம்பலுக்கும் தடையில்லை. பச்சைக் கறிவேப்பிலை, இஞ்சி போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் போகக்கூடிய பழங்கள் ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். சட்டம் விட்டாலும் மூடிய படகறைக்குள் டுரியானை யாரும் கொண்டுபோக வேண்டாம். அரிசி, வெங்காயம், தக்காளி, புதுமத்தி எல்லாம் ஸ்பிளிட் சந்தையிலேயே கிடைக்கும். மீன்சந்தைக்குக் காலையில் போங்கள். தூண்டில் போட ஆசையிருந்தால் அதற்குத் தனி உரிமச்சீட்டு வாங்க வேண்டும்.

படகடுப்பு இரண்டு வாய், வாயு. குக்கர் நன்றாக உதவும். மின்சார ரைஸ் குக்கர் கரை மின்சாரம் இருக்கும் துறையில் மட்டும் ஓடும், செருகிக்கு வட்டமான இரண்டு முளை மாற்றி தேவை. தாளிப்பைப் படகு நிற்கும்போது செய்யுங்கள். குளிர்பெட்டியும் எட்டுக் கைப்பேசியும் சேர்ந்து மின்கலத்தை ஓர் இரவில் காலி செய்யும், காலையில் நங்கூரச் சக்கரம் சுழலாது. துறையில் கட்டாத நாளில் இயந்திரத்தை ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டுங்கள்.

நன்னீர்த் தொட்டி 400 லிட்டர் வாக்கில். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து நன்னீரில் அலசினால் மூன்று நாள் வரும். கழிவறையில் உண்டு செரித்ததைத் தவிர எதையும் போடாதீர்கள், காகிதம்கூடக் கூடைக்குத்தான். குழாய் ஒல்லி, அடைத்தால் கழற்றுவது நீங்கள். கழிவுத்தொட்டி வால்வு விரிகுடாவுக்குள் மூடியிருக்க வேண்டும், கரையைவிட்டு வெகுதூரம் போய்த் திறந்துவிடுங்கள். புகைக்குழாயில் நீர் வருவது நின்றால் உடனே இயந்திரத்தை அணைத்து, முதலில் கடல்நீர் வடிகட்டியைத் திறந்து பாருங்கள், புல் அடைத்திருக்கும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் நீர் வராவிட்டால் பம்பின் ரப்பர் சக்கரம் கிழிந்திருக்கும். ஆபத்தென்றால் விஎச்எஃப் 16, அல்லது கடல் மீட்புக்கு 195, பொதுவாக 112.

பைகள் துணிப்பையாக இருக்கட்டும், சக்கரப் பெட்டியை வைக்கப் படகில் இடமே இல்லை. ரப்பர் செருப்பு கட்டாயம், பாறையெல்லாம் கடல் முள்ளெலி. வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான்.

வெள்ளி பிற்பகல் எல்லாப் படகும் எரிபொருள் நிலையத்தில் வரிசை கட்டும், ஸ்பிளிட்டில் இரண்டு மணி நேரம் நின்றாலும் ஆச்சரியமில்லை. மதியம் 2 மணிக்குள் போய்விடுங்கள், அல்லது வழியில் மில்னாவில் நிரப்புங்கள். திரும்பியதும் முக்குளிப்பவர் அடிப்பாகத்தையும் சுழலியையும் பார்ப்பார்; அவர் வரும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், சனிக்கிழமை பிடித்த படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு. பிணைத்தொகை விடுவிக்கப்பட்ட சீட்டை வாங்காமல் துறையைவிட்டுப் போகாதீர்கள்.